இதழ் அரியணைப் பேரரசு: ஒரு திறனாய்வு

நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், விலங்கு, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள் என வகுத்தனர் நம் முன்னோர். புனைந்த உலகொன்றை அளக்கவும் இக்கோல் பயன்படும் என்பது எம் கருத்து. பூந்தமல்லியை நோக்குக. பூவிருந்தவல்லி என்னும் பெயரிலேயே மலரும் தெய்வமும் உள்ளன. அவ்வூரிற் பிறந்த திருக்கச்சி நம்பி காஞ்சி வரதர்க்கு மலர்த்தொண்டு புரிந்தார் என்பது வைணவ மரபு. ஊர், மலர், தெய்வம், ஒழுக்கம் ஆகியன ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. புனைந்த உலகிலும் இத்தழுவல் வேண்டும்.

ஆடுவோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்க, நடுவர் நிகழ்ச்சி கூற, பகடை முடிவு காட்டும் கதை விளையாட்டு ஒன்று மேனாட்டில் உண்டு. 1974-இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' பெரும்பாலும் இடைக்கால ஐரோப்பியக் கதைமரபைத் தழுவியது. மறு ஆண்டிலேயே அம்மரபினின்று விலகி எழுந்தது 'இதழ் அரியணைப் பேரரசு'. அதன் உலகு டெக்குமேல். ஆக்கியோர் எம். ஏ. ஆர். பார்க்கர் (1929–2012), உருது, பலூச்சி மொழிகளுக்குப் பாடநூல் இயற்றிய மொழியறிஞர், மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்துத் தெற்காசியவியற் பேராசிரியர்.

டெக்குமேலில் உலோகம் அரிது. ஆதலின் சிலென் என்னும் விலங்கின் தோலைப் பதப்படுத்திப் படைக்கலம் செய்வர். குதிரை இல்லை. அண்டத்தினின்று அறுபட்டமையால் இரவு வானில் விண்மீனும் இல்லை. முதற்பொருளின் குறையிலிருந்தே கருப்பொருள் பிறத்தல் காண்க. சோல்யானி மொழிக்கு 1978-இல் இலக்கணமும் வெளிவந்தது. அம்மொழியில் முன்னிலைப் பெயர்கள் மிகப் பல. பேசுவோர்தம் நிலைக்கேற்ப அவை வேறுபடும். நீ, நீர், தாங்கள் என வேறுபாடு காணும் நமக்கு இதன் நுட்பம் எளிதிற் புலனாகும்.

எனினும் குலத்தால் உயர்வு தாழ்வு வகுத்து, அடிமை முறையையும் உடைய சமூகம் அது. 1991-இல் புனைபெயரில் வெளிவந்த நாசிச் சார்பான நாவலொன்று பார்க்கர் எழுதியதே என 2022-இல் டெக்குமேல் அறக்கட்டளையே ஒப்புக்கொண்டது. இதன்பின், அவ்வுலகின் படிநிலையை வெறும் அணியெனக் கொண்டு சுவைத்தல் இயலாது. ஆக்கியோன் வேறு, ஆக்கம் வேறு என்று எளிதில் ஒதுங்குவாரோடும், முழுதும் எறிக என்பாரோடும் யாம் உடன்படேம்.

நூலின் அமைப்பே விடைக்கு வழி காட்டுகின்றது. அதில் ஆடுவோர் தொடங்குவது அரசராக அன்று. ஜகல்லாத் துறைமுகத்தில் வந்திறங்கிய, குலமும் மதிப்பும் இல்லாத அயலாராகவே. முதலும் கருவும் ஆக்கியோன் தந்தவை; உரிப்பொருளோ ஆடுவோர் கையது. அயலான் கண்கொண்டு நோக்கின் அப்படிநிலை வியப்பாகத் தோன்றாது, வினாவாகவே தோன்றும். அயலாரை வெறுக்கும் நாவலை எழுதியவர், தம் உலகின் வாயிலில் அயலாரையே நிறுத்திச் சென்றார். அவர் கண்வழியே அதனைக் கற்றல் வேண்டும் என்பது எம் துணிபு.