முழங்காலைப் பார்த்தார்கள், தோளை மறந்தார்கள்

அமெரிக்காவின் நான்கு பெரிய விளையாட்டு லீக்குகளில் ஒன்றில்கூட கென்டக்கி மாநிலத்துக்கு அணி கிடையாது. அங்கே பாதிப் பேருக்கு மேல் சொந்த அணி என்றால் லெக்சிங்டனில் இருக்கும் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணிதான். (லூயிவில் நகரத்தார் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.) எட்டு முறை தேசிய சாம்பியன். சொந்த மைதானமான ரப் அரினாவில் இருபதாயிரம் பேர் உட்காரலாம். அந்த ஊரில் ஆட்டமே இல்லாத ஏப்ரல் மாதத்தில்தான் வாக்குவாதம் உச்சத்தில் இருக்கும். யார் போகிறார், யார் வருகிறார், வருகிறவருக்கு எவ்வளவு என்று முடிவாகிற மாதம் அது.

2025 ஏப்ரலில் வந்தவர் ஜேடன் குவெய்ன்டன்ஸ். அப்போது அவருக்குப் பதினேழு வயது. அரிசோனா ஸ்டேட் அணியில் ஒரு பருவம் ஆடியிருந்தார். பிப்ரவரியில் அவருடைய முழங்காலில் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிந்தது, மார்ச்சில் அறுவை சிகிச்சை நடந்தது. ஏப்ரலில் கென்டக்கி அவரைச் சேர்த்துக்கொண்டது. ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். இந்தத் திறமைக்கு முழங்கால் ஆறும்வரை காத்திருக்கலாம் என்றது ஒரு கட்சி. நல்ல கால் உள்ளவனுக்குக் கொடுக்க வேண்டிய காசை மருத்துவமனைக்குக் கொடுக்கிறோம் என்றது மற்றது.

முதல் கட்சியின் வாதத்தை முதலில் பார்ப்போம். அரிசோனா ஸ்டேட் அந்த ஆண்டு 13 வெற்றி, 20 தோல்வி என்று தடுமாறிய அணி. அதில் 24 ஆட்டம் ஆடிய பையன் சராசரியாக 9.4 புள்ளி, 7.9 ரீபவுண்ட், 2.6 பிளாக் வைத்திருந்தான். கடைசி எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். கூடைக்கு அடியில் நின்று எதிரணி வீசும் பந்தைத் தட்டிவிடுகிற ஆளின் மதிப்பு, தட்டிவிட்ட பந்துகளோடு முடிவதில்லை. வாசலில் கட்டியிருக்கும் நாய் குரைக்காவிட்டாலும் உள்ளே வருகிறவன் ஒரு நிமிடம் தயங்குவான் அல்லவா? அந்தத் தயக்கம்தான் இவர்களுக்கு வருமானம். கூடை வரை ஓடிவந்த எதிரணி வீரர் கடைசி நொடியில் மனம் மாறிப் பந்தை வெளியே தள்ளுவது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. பதினேழு வயதில் அந்தப் பயத்தை உண்டாக்கியவர் குவெய்ன்டன்ஸ்.

இப்படிப்பட்ட ஒருவர் ஏன் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வுக்குப் போகாமல் இன்னொரு கல்லூரியைத் தேடினார்? விடை பிறந்த தேதியில் இருக்கிறது. என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் பெயர் கொடுக்க, அந்த ஆண்டு முடிவதற்குள் பத்தொன்பது வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. அவர் பிறந்தது 2007 ஜூலையில். பள்ளிப் படிப்பை ஓராண்டு முன்னதாகவே முடித்துக்கொண்டு கல்லூரிக்கு வந்தவர். ஆக 2026-க்கு முன்னால் டிராஃப்ட் வாசலையே மிதிக்க முடியாது. முட்டி நன்றாக இருந்திருந்தாலும் இன்னொரு பருவம் கல்லூரியில் ஆடித்தான் தீர வேண்டும். அப்படி நல்ல காலோடு சந்தைக்கு வந்திருந்தால் நாட்டின் பெரிய அணிகள் அத்தனையும் வரிசையில் நின்றிருக்கும். காயம் பட்டதால்தான் வரிசை குறைந்தது. இன்னொன்றும் உண்டு. 2024-ல் அவர் முதலில் சம்மதித்திருந்ததே கென்டக்கிக்குத்தான். பயிற்சியாளர் ஜான் கலிபாரி ஆர்கன்சாவுக்குப் போய்விட்டதால் விலகிக்கொண்டார். கைவிட்டுப் போன பிள்ளை திரும்பி வருகிறது என்ற பாசமும் அந்தக் கட்சிக்காரர்களுக்கு இருந்தது. பாசம் கணக்குப் பார்க்காது என்பதை அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

எதிர்க்கட்சியின் பயம் வெறும் பயமில்லை. அதற்கு முந்தைய பருவத்தை நினைத்துப் பாருங்கள். புதுப் பயிற்சியாளர் மார்க் போப் ஓர் அணியையே வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்பினார். கெர் க்ரீசாவுக்குக் கால் உடைந்தது. லமான்ட் பட்லருக்குத் தோளில் அடி. ஜாக்சன் ராபின்சனுக்கு மணிக்கட்டு. இருந்தும் அணி கடைசிப் பதினாறு வரை போய், டென்னசியிடம் 65-78 என்று தோற்றது. மூவரும் முழு உடம்போடு ஆடியிருந்தால் என்ற ஏக்கம் கோடை முழுக்க இருந்தது. அந்தப் புண் ஆறுவதற்குள், காயத்தோடேயே ஒருவரைக் கூட்டிவந்தால் யாருக்குத்தான் வயிறு கலங்காது?

கொஞ்சம் வயதான ரசிகருக்கு இன்னொரு ஞாபகமும் இருக்கும். 2013 பிப்ரவரியில் ஃபுளோரிடாவில், எதிரணியின் பந்தைத் துரத்திப்போய்த் தட்டிவிட்டு இறங்கிய கென்டக்கி வீரர் நெர்லன்ஸ் நோயல் முட்டியைப் பிடித்துக்கொண்டு அலறியது. ஆட்டத்துக்கு 4.4 பிளாக் வைத்திருந்தவர். அதே ஏ.சி.எல். முந்தைய ஆண்டு சாம்பியனான கென்டக்கி, தேசியப் போட்டிக்கே தகுதி பெறாமல், இரண்டாம் தரப் போட்டியின் முதல் சுற்றில் ராபர்ட் மாரிஸ் என்ற சின்னக் கல்லூரியிடம் 57-59 என்று தோற்றது. நோயலை டிராஃப்டில் ஆறாவதாக எடுத்தார்கள். ஆனால் அடுத்த பருவம் முழுக்க அவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை.

காசு விஷயமும் சேர்ந்துகொண்டது. 2025 ஜூலை 1 முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டு வருமானத்தை வீரர்களோடு நேரடியாகப் பங்கு போடலாம். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதல் ஆண்டு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். வீரர்களின் சொந்த விளம்பர வருமானம் அதற்கு வெளியே. கென்டக்கியின் கூடைப்பந்து அணிக்கு மட்டுமே 2 கோடியே 20 லட்சம் டாலர் ஆகிறது என்று செய்தி வந்தபின், லெக்சிங்டனில் ஒவ்வொரு ரசிகரும் தணிக்கை அதிகாரி ஆகிவிட்டார். மாணவர் உதவித்தொகைக்கு ஆடிய காலத்தில் பையனுக்கு அடிபட்டால் பாவம் என்பார்கள். இன்று நஷ்டம் என்கிறார்கள். பேச்சு மாறிவிட்டதற்கு ரசிகரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நிஜமாகவே மாறிப்போனது வேறொன்று. அதை இரண்டு கட்சியும் அவ்வளவாகப் பேசவில்லை. முன்பெல்லாம் கல்லூரி மாறுகிற வீரர் ஓராண்டு வெளியே உட்கார்ந்துவிட்டுத்தான் ஆட முடியும். 2021-ல் ஒருமுறை மாறுபவருக்கு அது தளர்ந்தது. 2024-ல் எத்தனை முறை மாறினாலும் படிப்பு சரியாக இருந்தால் உடனே ஆடலாம் என்று ஆயிற்று. அந்தப் பழைய விதி வீரர்களை வாட்டிய விதிதான், சந்தேகமில்லை. ஆனால் காயத்தோடு மாறுகிறவருக்கு அது பெரிய உதவி. அவர் ஆற வேண்டிய காலம், விதிப்படி உட்கார வேண்டிய காலத்திலேயே கரைந்துவிடும். எப்போது வருவார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். இன்று ஏப்ரலில் கையெழுத்து, நவம்பரில் முதல் ஆட்டம். நடுவில் ஏழு மாதம். ஏ.சி.எல். அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் வரை, திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி முட்டியில் காயம்படும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி பாதியாகக் குறைகிறது என்று 2016-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்குச் சொல்கிறது. ஏழு மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடையில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் பயிற்சியாளரின் நாற்காலி ஆடும்.

மார்க் போப் இதை அறியாதவர் இல்லை. அவரே வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து கென்டக்கிக்கு மாறி, ஓராண்டு உட்கார்ந்துவிட்டு ஆடியவர். 1996-ல் சாம்பியனான அணியின் கேப்டன். அந்த அணியில் இவரோடு ஆடியவர் ஒஹையோ ஸ்டேட்டிலிருந்து மாறி வந்து, அதே போல உட்கார்ந்து எழுந்த டெரெக் ஆண்டர்சன்.

ஆண்டர்சன் கதையைக் கென்டக்கியில் தெரியாதவர் இருக்க முடியாது. 1997 ஜனவரியில் ஆபர்னுக்கு எதிரான ஆட்டத்தில் அவருக்கு ஏ.சி.எல். கிழிந்தது. அதுவரை ஆட்டத்துக்கு 17.7 புள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் இல்லாமலே அணி மார்ச் கடைசியில் இண்டியானாபொலிஸில் அரையிறுதிக்குப் போனது. எதிரணியான மின்னசோட்டாவின் பயிற்சியாளர் மேல் டெக்னிக்கல் ஃபவுல் விழுந்தபோது, கென்டக்கியின் அப்போதைய பயிற்சியாளர் ரிக் பிட்டினோ பெஞ்சைத் திரும்பிப் பார்த்து, அதற்கான இரண்டு ஃப்ரீ த்ரோவை எறிய ஆண்டர்சனை அனுப்பினார். அறுவை முடிந்து மூன்று மாதம் ஆகவில்லை. கோட்டுக்குப் பின்னால் தனியாக நின்றார். ஃப்ரீ த்ரோ எறிய ஓடவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம். இரண்டும் உள்ளே போயின. திரும்பி வந்து உட்கார்ந்தார். அரங்கம் இடிந்து விழுகிற சத்தம். இறுதி ஆட்டத்தில் ஆடவும் துடித்தார், பிட்டினோ விடவில்லை. பையனின் தொழில் வாழ்க்கையைப் பணயம் வைக்க மாட்டேன் என்ற முடிவு. அரிசோனாவிடம் கூடுதல் நேரத்தில் 79-84 என்று கென்டக்கி தோற்றது. ஐந்தே புள்ளி. அவரை இறக்கியிருக்கலாம் என்று சொல்கிற ஆள் இன்றைக்கும் அங்கே உண்டு. ஆண்டர்சன் அந்தக் கோடையில் டிராஃப்டில் பதின்மூன்றாவதாகப் போனார். என்.பி.ஏ.வில் நெடுநாள் ஆடி, 2006-ல் மயாமி அணியோடு சாம்பியன் மோதிரமும் வாங்கினார். என்னைக் கேட்டால், பிட்டினோ கென்டக்கியில் எடுத்த முடிவுகளிலேயே ஆகச் சிறந்தது ஓர் இறுதி ஆட்டத்தைத் தோற்றுக்கொடுத்த அந்த முடிவுதான்.

இனி 2025-26. குவெய்ன்டன்ஸ் இல்லாமல் தொடங்கிய கென்டக்கி லூயிவில், மிச்சிகன் ஸ்டேட், நார்த் கரோலினா என்று பெரிய ஆட்டம் ஒவ்வொன்றாகத் தோற்றது. டிசம்பர் 5 அன்று நாஷ்வில்லில் கொன்சாகாவிடம் வாங்கியது அடி இல்லை, உதை. 59-94. கொன்சாகாவின் கிரஹாம் ஐக் கூடைக்கு அருகிலேயே நின்றுகொண்டு 28 புள்ளி எடுத்தார். சொந்த ரசிகர்களே கூச்சலிட்டார்கள். பஞ்சாயத்து அன்று மறுபடி கூடியது. பார்த்தாயா, அவன் இருந்திருந்தால் என்றது ஒரு கட்சி. பார்த்தாயா, அவனை நம்பியதால்தான் என்றது மற்றது. ஒரே தோல்வி இரண்டு பேருக்கும் சாட்சி சொன்னது.

டிசம்பர் 20, அட்லாண்டா. அறுவை முடிந்து ஏறத்தாழ ஒன்பது மாதம். செயின்ட் ஜான்ஸ் அணிக்கு எதிராக குவெய்ன்டன்ஸ் இறங்கினார். எதிர் பெஞ்சில் நின்றுகொண்டிருந்தவர் யார் தெரியுமா? ரிக் பிட்டினோ. கதை எழுதுகிறவன் இப்படி எழுதியிருந்தால் ஆசிரியர் அடித்துவிடுவார். இருபது நிமிடத்துக்கும் குறைவாக ஆடி 10 புள்ளி, 8 ரீபவுண்ட், 2 பிளாக். பின்தங்கியிருந்த கென்டக்கி 78-66 என்று வென்றது. அன்று இரண்டாம் பாதியில் ஆட்டத்தைத் திருப்பியதில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு. பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த, ஆட்டத்தை நடத்துகிற பாயின்ட் கார்டு ஜேலண்ட் லோ.

குவெய்ன்டன்ஸ் அதையும் சேர்த்து நான்கு ஆட்டம் ஆடினார். பிறகு முட்டி வீங்கியது, மறுபடி பெஞ்சுக்குப் போனார். எதிர்க்கட்சி வென்றுவிட்டதா? அவசரப்பட வேண்டாம். 2026 ஜனவரியில் அணியை உண்மையில் முடக்கிய காயம் முழங்காலில் படவில்லை. லோவின் தோள். பருவம் தொடங்கும் முன்பே கழன்ற தோள், ஆட ஆட மறுபடி மறுபடி கழன்று, கடைசியில் அறுவைக்குப் போனது. அவர் பருவம் அத்தோடு முடிந்தது. ஏப்ரலில் அவரை எடுத்தபோது யாரும் மருத்துவக் கேள்வி கேட்கவில்லை, ஏனென்றால் அவர் நல்ல உடம்போடு வந்தவர். ஆளாளுக்கு முழங்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததில், பாயின்ட் கார்டு இடத்தில் அவருக்குப் பின்னால் யார் என்ற கேள்வி கேட்கப்படவே இல்லை. ஃபுளோரிடாவிலிருந்து வந்த டென்சல் அபர்டீன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டார். ஓடி ஆடிப் புள்ளி எடுக்கிற கார்டு அவர். அணியை நடத்துகிற வேலை அவருக்குப் பழக்கமில்லாதது, அதை அவசரத்துக்குச் செய்தார்.

கூடைக்கு அடியில் கதை வேறு. அங்கே ஆள் இருந்தான். லெக்சிங்டனுக்குப் பக்கத்து ஊரான ஜார்ஜ்டவுனைச் சேர்ந்த முதலாண்டு மாணவன் மலக்கை மொரேனோ, ஏழடி உயரம். குவெய்ன்டன்ஸுக்காகக் காத்திருந்த மாதங்களில் நிமிடங்கள் எல்லாம் அவனுக்குப் போயின. அடிபட்டுக் கற்றுக்கொண்டான். ஜனவரி 14 அன்று பேடன் ரூஜில் எல்.எஸ்.யு. அணியிடம் 18 புள்ளி பின்தங்கிய கென்டக்கி, கடைசியில் ஒரு புள்ளி பின்னால் வந்து நின்றது. பாக்கி இரண்டு நொடிக்கும் குறைவு. காலின் சாண்ட்லர் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு மைதானத்தின் நீளம் முழுக்கப் பந்தை எறிந்தார். மொரேனோ எகிறிப் பிடித்தான், இறங்கினான், திரும்பினான், விட்டான். 75-74.

ஆகவே என் தீர்ப்பு இது. காயம்பட்டவரை எடுப்பதில் ஆபத்து அவருடைய முட்டியில் இல்லை, அவருக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் இருக்கிறது. குவெய்ன்டன்ஸுக்குப் பின்னால் மொரேனோ இருந்தான், அதனால் அந்தக் கையெழுத்து சரி. நான்கு ஆட்டத்துக்கு அந்த விலை அதிகம் என்பதை மறுக்கவில்லை. விலை அதிகம் என்பது வேறு, முடிவு தப்பு என்பது வேறு. முட்டி வீங்கியதும் அவரை உட்கார வைத்தார்களே, அதுவும் சரி. 1997-ன் பாடத்தைப் போப் மறக்கவில்லை. தவறு பாயின்ட் கார்டு இடத்தில் நடந்தது. நல்ல தோளோடு வந்தவருக்கு மாற்று வைக்காதது போப்பின் பிழை, அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.