ஹூலியெட்டாவின் அடுப்பு

டிஸ்னி 2021இல் வெளியிட்ட ‘என்காண்டோ’, குழந்தைகள் திரும்பத் திரும்பப் பார்க்கும் படம். கொலம்பியாவின் மலைகளுக்குள் மறைந்திருக்கும் ஓர் ஊரில் மட்ரிகால் குடும்பம் வாழ்கிறது. அந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு ஐந்து வயதில் ஆளுக்கொரு வரம் கிடைக்கும். மிராபெல்லுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

பெண்களுக்குக் கிடைத்த வரங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். லூயிசாவுக்கு உடல் வலிமை. ஊரின் பாரம் முழுவதும் அவள் தோளில். இசபெலா நினைத்த இடத்தில் பூ மலரும். அழகாக இருப்பதும், பாட்டி விரும்பும் மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்வதும் அவள் கடமை. பெப்பாவின் மனநிலைக்கேற்ப வானிலை மாறும். ஆகவே அவள் கலங்கக் கூடாது. உழைப்பு, அழகு, அடக்கம் என்று குடும்பங்கள் பெண்களிடம் காலங்காலமாகக் கேட்டுவருபவைதான் இங்கே வரம் என்ற பெயரில் வருகின்றன.

படத்துக்கு இது தெரிந்தே இருக்கிறது. சுமக்க முடியாமல் போனால் தனக்கு என்ன மதிப்பு என்று லூயிசா நடுங்குகிறாள். குடும்பத்துக்காகவே கல்யாணத்துக்குச் சம்மதித்ததாக இசபெலா வெடிக்கும்போது, பூவுக்குப் பதில் ஒரு கள்ளிச்செடி முளைக்கிறது. அந்தக் கள்ளி படத்தின் மிக அழகான கணம்.

பாட்டி அல்மாவையும் படம் வில்லியாக்கவில்லை. மூன்று கைக்குழந்தைகளோடு ஊரைவிட்டு ஓடியபோது ஆயுதம் தாங்கியவர்களிடம் கணவனைப் பறிகொடுத்தவள் அவள். பயனுள்ளவர்களாக இருந்தால்தான் பிழைப்போம் என்ற அவளது கண்டிப்பு அந்த இழப்பிலிருந்து பிறந்தது. ஆணாதிக்கத்தின் விதிகளைப் பல வீடுகளில் ஒரு பெண்ணே ஏன் காவல் காக்கிறாள் என்பதற்கு இது நேர்மையான பதில்.

ஆனால் மிராபெல்லின் அம்மா ஹூலியெட்டா? அவள் சமைத்ததைச் சாப்பிட்டால் காயம் ஆறும். மகளின் கையில் வெட்டுப்பட்டால் ஒரு சோள ரொட்டி. தேனீ கொட்டிக் கணவன் முகம் வீங்கினாலும் அதே ரொட்டி. அவன் அடிபடுவது நமக்குச் சிரிப்பு, அவளுக்கு இன்னொரு முறை அடுப்படி. லூயிசாவுக்கும் இசபெலாவுக்கும் தங்கள் பாரத்தைச் சொல்லத் தனிப் பாட்டு இருக்கிறது. ஹூலியெட்டாவுக்கு இல்லை. அவளுக்குக் களைப்பு உண்டா என்று மகள்கூடக் கேட்பதில்லை.

இடிந்த வீட்டை வரங்கள் ஏதுமின்றி ஊரும் குடும்பமும் சேர்ந்து கட்டுகின்றன. அங்கேயே படம் நின்றிருக்கலாம். ஆனால் வரங்கள் திரும்புகின்றன; ஹூலியெட்டாவின் அடுப்பும்தான். தூக்கும் பாரம் வேலை என்று நமக்குப் புரிகிறது. பூத்துக்கொண்டே இருப்பதும் வேலைதான் என்பதைப் படம் புரியவைக்கிறது. அம்மாவின் சமையல் மட்டும் இன்னும் அன்பாகவே மிஞ்சுகிறது. அன்பு என்று பெயர் வைத்துவிட்டால் ஓய்வு பற்றிப் பேச வேண்டியதில்லை.

பிள்ளைகளோடு இந்தப் படத்தைப் பார்ப்பவர்கள், முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: ஹூலியெட்டாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் சமைப்பார்கள்?