‘பருத்திவீரன்’: சாதி வன்முறையும் இடம்மாறிய குற்றமும்

ஆய்வுச்சுருக்கம்

அமீர் இயக்கத்தில் 2007ஆம் ஆண்டு வெளிவந்த ‘பருத்திவீரன்’, தென்மாவட்டக் கிராம வாழ்வை நுட்பமாகப் பதிவுசெய்த படமாக மதிக்கப்பட்டு வருகிறது. கலப்புமணத்தில் பிறந்த ஆணுக்கும் ஆதிக்கச் சாதியில் பிறந்த பெண்ணுக்கும் இடையிலான காதலே இதன் கதை. படம் முழுவதும் காதலுக்குத் தடையாக நிற்பது சாதி. இறுதியில் காதலை அழிப்பவர்களோ சாதிக் காவலர்கள் அல்லர். இந்த இடமாற்றம் நிகழும் முறையையும் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்பீட்டிற்கு ‘பரியேறும் பெருமாள்’ (2018) எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பருத்திவீரன், பரியேறும் பெருமாள், சாதி, உடன்போக்கு, ஆணவக்கொலை, பெண்ணுடல்.

முன்னுரை

‘16 வயதினிலே’ (1977) படத்திற்குப் பின் கிராமம் தமிழ்த் திரைப்படத்தின் நிலையான களங்களுள் ஒன்றாயிற்று. ‘வேதம் புதிது’ (1987) சாதியை நேரடியாக விவாதித்தது. ‘தேவர் மகன்’ (1992) சாதிப் பெயரைத் தலைப்பிலேயே தாங்கி வந்தது. இரண்டாயிரத்திற்குப் பின் ‘காதல்’ (2004), ‘பருத்திவீரன்’, ‘சுப்ரமணியபுரம்’ (2008) முதலான படங்கள் மதுரையையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் பேச்சுமொழி, திருவிழா, வன்முறை ஆகியவற்றோடு முன்வைத்தன. இவற்றுள் ‘பருத்திவீரன்’ தனிக்கவனம் பெற்றது. முத்தழகாக நடித்த பிரியாமணிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும், படத்தொகுப்பிற்காக ராஜா முகமதுவுக்குத் தேசிய விருதும் கிடைத்தன. படத்தின் இயல்புத்தன்மை பரவலாகப் பேசப்பட்ட அளவிற்கு, அதன் முடிவு யாரைக் குற்றவாளியாக்குகிறது, யாரை விடுவிக்கிறது என்ற வினா பேசப்படவில்லை.

முறையும் சாதியும்

வீரனின் தந்தைவழி, முத்தழகின் தந்தையான கழுவத்தேவனின் குடும்பத்தோடு உறவுடையது. தாய்வழி குறவர் சமூகத்தைச் சார்ந்தது. படத்தின் முரண் முழுவதும் இவ்விரு வழிகளுக்கு இடையில்தான் பிறக்கிறது. தந்தைவழி உறவு வீரனுக்கு மணமுறையைத் தருகிறது. தாய்வழிப் பிறப்பு அந்த முறையைச் செல்லாததாக்குகிறது. முத்தழகு பற்றிக்கொள்வது உறவை. கழுவத்தேவன் பற்றிக்கொள்வது தூய்மையை. ஒரே குடும்பத்திற்குள் உறவுமுறையும் சாதித்தூய்மையும் மோதும்போது எது வெல்லும் என்பதே படம் எழுப்பும் வினா.

குறவர் என்னும் அடையாளத்திற்குத் தமிழ் மரபில் நெடிய வரலாறு உண்டு. சங்க அகப்பாடல்களின் குறிஞ்சித் தலைவி பல இடங்களில் குறமகளாகவே வருகிறாள். முருகனின் துணைவியாக வழிபடப்பெறும் வள்ளியும் குறமகளே. இலக்கியத்திலும் கோயிலிலும் ஏற்கப்பட்ட அப்பெயர் நடைமுறை வாழ்வில் இழிவுச்சொல்லாக மாறியிருப்பதைப் படம் காட்டுகிறது. ஆயினும் வீரனின் தாய்ச் சமூகம் தன் குரலில் பேசுவதற்குப் படத்தில் இடமில்லை. அது பிறர் வாயில் வசையாகவும் வீரனின் பிறப்பில் குறையாகவும் மட்டுமே இருக்கிறது. சாதிவெறியைக் காட்டும் படம், அவ்வெறிக்கு இலக்காகும் மக்களைக் காட்டவில்லை.

உடன்போக்கும் வழியிடை ஆண்களும்

முத்தழகு தந்தையின் அடியையும் தாயின் அடியையும் தாங்கித் தன் முடிவில் உறுதியாக நிற்கிறாள். சென்னை மத்தியச் சிறைக்குப் போவதையே பெருமையாகக் கருதித் திரியும் வீரனைவிட அவளே கதையை நகர்த்துபவள். அகமரபில் இந்நிலையின் அடுத்த கட்டம் உடன்போக்கு. சங்கப் பாடல்களில் வழியிடைக் கண்டோர், உடன்போகும் இணையரிடம் பரிவு காட்டுகின்றனர். தேடிவரும் செவிலியைத் தேற்றவும் செய்கின்றனர். ‘பருத்திவீரன்’ இம்மரபைத் தலைகீழாக்குகிறது. இங்கு வழியில் எதிர்ப்படும் ஆண்களே அழிவைக் கொணர்கின்றனர்.

வீரன் இல்லாத வேளையில், தனித்திருக்கும் முத்தழகைச் சிலர் கூட்டுவன்புணர்வுக்கு உள்ளாக்குகின்றனர். அவர்கள் கழுவத்தேவன் ஏவிய ஆட்கள் அல்லர். வீரனின் பழைய ஒழுங்கற்ற வாழ்க்கையோடு தொடர்புடையவர்கள். காதலுக்கு எதிராகக் கதை நெடுகிலும் திரண்டுவந்த சாதி வன்முறை, அழிவு நேரும் கணத்தில் அவ்விடத்தில் இல்லை. அதன் இடத்தில் தற்செயலும் வினைப்பயனும் வந்து அமர்கின்றன. ஆண் செய்த பிழைக்குப் பெண் உடலால் விலை கொடுக்கிறாள் என்ற நீதியாகக் கதை சுருங்கிவிடுகிறது.

இதற்கு மாறான வாசிப்பும் இயலும். பெண்ணைப் பொருளாகக் கருதும் ஆண்மையின் மீதான விமர்சனமாக இம்முடிவைக் கொள்ளலாம். சாதி துரத்தாதிருந்தால் அவள் அவ்விடத்திற்கே வந்திருக்கமாட்டாள் என்றும் வாதிடலாம். இரண்டும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆனால் பார்வையாளரின் சினம் யார்மீது பாய்கிறது என்பதை முடிவு செய்வது தொலைவில் இருக்கும் காரணம் அன்று. கண்முன் நிகழும் செயலே. திரையில் சாதி பின்னணியாக மங்கிவிட, பெயரற்ற ஆண்களின் வெறியே காரணமாக எஞ்சுகிறது.

பெண்ணுடலும் மானமும்

உயிர் பிரியும் நிலையில் முத்தழகு, தனக்கு நேர்ந்ததை எவரும் அறியாதபடி தன் உடலை வெட்டிவிடுமாறு வீரனிடம் வேண்டுகிறாள். அவனும் அவ்வாறே செய்கிறான். படத்தின் மிகக் கொடிய காட்சி இது. மிகவும் உண்மையான காட்சியும் இதுவே. தந்தையின் சொல்லை இறுதிவரை மீறி நின்றவள், இறக்கும்போது தந்தையின் மானக் கோட்பாட்டுக்குள்ளேயே நின்று பேசுகிறாள். சாதியை மீற முடிந்த அவளால், பெண்ணுடலின் தூய்மை என்ற கருத்தை மீற முடியவில்லை. சாதியைக் காக்கும் வேலி பெண்ணுடலைச் சுற்றியே எழுப்பப்படுவதால், இவ்விரண்டும் வெவ்வேறல்ல. ஆட்கள் வழியாக அங்கு வராத சாதி, மானம் என்ற வடிவில் அவள் சொற்களுக்குள் இருக்கிறது. இதைப் படம் காட்டுகிறது. ஆனால் கேள்விக்குள்ளாக்காமல் அவலச்சுவையாகக் கரைத்துவிடுகிறது.

தொடர்ந்து வரும் கழுவத்தேவன் கூட்டம், மகளைக் கொன்றவன் வீரனே எனக் கருதி அவனைக் கொல்கிறது. இங்குதான் குற்றத்தின் இடமாற்றம் முழுமை பெறுகிறது. சாதி மீறிக் காதலித்தவன் பெண்வீட்டாரால் கொல்லப்படுவது ஆணவக்கொலையின் வழக்கமான வடிவம். அவ்வடிவம் இங்கு மாறாமல் நிற்க, அதன் காரணம் மட்டும் மாற்றப்படுகிறது. சாதிக்காகக் கொல்ல வேண்டியவர், மகளை இழந்த தந்தையாகக் கொல்கிறார். ஆணவக்கொலை, தவறான புரிதலால் நேர்ந்த பழிவாங்கலாகத் தோற்றம் கொள்கிறது. அவர்மீது சுமத்தக்கூடிய குற்றம் அறியாமை ஒன்றே.

விபத்து என்னும் மறைப்பு

மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. அப்படத்தில் ஒரு முதியவர் சாதி மானத்திற்காகத் தொடர்ந்து கொலைகள் செய்கிறார். அவற்றை விபத்துகளாகவும் தற்கொலைகளாகவும் தோன்றச்செய்கிறார். அதைத் தெய்வத்திற்குச் செய்யும் தொண்டாகவே கருதுகிறார். ஊர் விபத்தைக் காண்கிறது. பார்வையாளர் கொலையைக் காண்கின்றனர். சாதிக்கொலை விபத்தாக மறைக்கப்படும் முறையை அப்படம் வெளிக்கொணர்கிறது. ‘பருத்திவீரன்’ படத்திலோ கதையமைப்பே அம்மறைப்பு வேலையைச் செய்துவிடுகிறது.

இவ்வேறுபாடு திரைக்கதை உத்தி சார்ந்தது மட்டும் அன்று. 2003ஆம் ஆண்டு விருத்தாசலம் அருகே சாதி மீறி மணந்த இணையர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு 2021ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. கொலையைக் கொலையென நிறுவுவதற்கே இத்தனை ஆண்டுகள் தேவைப்படும் சமூகத்தில், கொன்றவர் யார், எதற்காகக் கொன்றார் என்பதை ஒரு கதை எவ்வாறு சொல்கிறது என்பது அழகியல் வினாவாக மட்டும் நின்றுவிடாது.

முடிவுரை

‘பருத்திவீரன்’ சாதியின் அன்றாட இயக்கத்தை வசையிலும் உறவிலும் அடியிலும் கூர்மையாகக் கண்ட படம். உறவுமுறைக்கும் சாதித்தூய்மைக்கும் இடையிலான மோதலை ஒரு பெண்ணின் பிடிவாதத்தின் வழியே அது நேர்மையாக எழுப்பியது. ஆனால் விடை கூற வேண்டிய இடத்தில் வினாவையே மாற்றிக்கொண்டது. அதனால் பார்வையாளர் முத்தழகுக்காகக் கலங்குகின்றனர். கழுவத்தேவனிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமலேயே அரங்கை விட்டு வெளியேறுகின்றனர். சாதி சார்ந்த காதல் படங்களை மதிப்பிடுகையில், சாதியை அவை எவ்வளவு காட்டுகின்றன என்பதோடு, இறுதிக் குற்றத்தை யாருடைய கையில் வைக்கின்றன என்பதையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.