ஒட்டும் ஓர் அழகே

கூலாய்ச் சீனருள் பெரும்பாலார் ஹக்கா வகுப்பினர். அம்மக்களின் தாயகமாகிய தென்சீனத்து வீடுகளில் தண்ணீர் வாளி, குளிக்கும் தொட்டி, சோறு அவிக்கும் பாண்டம் ஆகியவை மரத்தாற் செய்யப்பட்டன. இன்று அவை பழம்பொருளாக விலைபோகின்றன. அவற்றுள்ளும் ஒட்டுப் போட்டவையே அழகு மிக்கவை என்பார் உளர். இக்கூற்று எவ்வளவில் பொருந்தும் என்பதை ஆராய்வோம்.

அவ்வாளி சிறு பலகைகளை வட்டமாக நிறுத்தி, மூங்கில் முளைகளால் இணைத்து, மூங்கிற் பிளாச்சுப் பின்னலாலோ உலோகக் கம்பியாலோ இறுக்கிச் செய்யப்படுவது. காய்ந்தால் பலகை சுருங்கி ஒழுகும். நீரில் ஊறினால் பருத்து இடைவெளியை மூடும். அதற்கும் அடங்காத விரிசலைச் சுண்ணாம்பும் தூங் எண்ணெயும் நாரும் சேர்த்துப் பிசைந்து அடைப்பர். பலகை பிளந்தால் இரும்புக் கவ்வி அறைவர். புதுப் பட்டையின் நிறம் பழைய மரத்தோடு ஒவ்வாது. தச்சனும் அதைப்பற்றிக் கவலை கொள்வதில்லை. நீர் நிற்கவேண்டும் என்பதொன்றே அவன் கருத்து. மறைக்காத அவ்வேலையில் கைத்திறனும் நேர்மையும் ஒருங்கே விளங்குகின்றன.

பீங்கானிலும் இம்முறை உண்டு. டோக்கியோ தேசியப் பொருட்காட்சிசாலையில் 13-ஆம் நூற்றாண்டுச் சீனத்துப் பச்சைக் கிண்ணம் ஒன்று இருக்கின்றது. 15-ஆம் நூற்றாண்டில் அஷிகாகா யோஷிமாசா என்னும் ஜப்பானிய ஷோகன், விரிசல் கண்ட அதனைச் சீனத்துக்கு அனுப்பி, அதற்கிணையான வேறொன்றைக் கேட்டான் என்பர். இணை கிடைக்காமையால் சீனர் அதற்கே கவ்வியிட்டுத் திருப்பியனுப்பினராம். அக்கவ்விகளாலேயே அது பெயரும் பெற்றது.

நம்மவரோ ஒட்டிட்ட பாத்திரத்தை மூளியென்று இகழ்ந்து, மங்கல காரியங்களுக்கு ஆகாதென விலக்குவர். ஈயம் பற்றவைத்த குடத்து நீர் தாகம் தீர்க்காதா? அதனைத் தீண்டத்தகாததாக்கும் இந்த மூடவழக்கம் ஒழிதல் வேண்டும்.

ஆயினும், வறுமையையே அழகென்று புகழ்வதும் தவறு. ஏழை ஒட்டுப் போட்டது வேறு வாங்க வகையின்மையால். அதை மறந்து ஒட்டை மட்டும் வியப்போர், அவன் பட்ட பாட்டைக் காணாதவராவர். விலை ஏறுதற்பொருட்டு நல்ல வாளியில் கவ்வி அறைவதோ வெறும் வேடம்.

ஆதலின் ஒட்டுக்கு உரைகல் ஒன்றே: பொருள் மீண்டும் பயன்பட்டதா? பயன்பட்டதேல் அவ்வொட்டு அழகு. தொழிலாளியின் ஒழுகும் கூரைமேல் தகரத்துண்டை வைத்துவிட்டு, அதனை எளிமையின் எழில் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். வாளிக்கு ஒட்டுப் போதும். அவன் வீட்டுக்குப் புதுக் கூரையே வேண்டும்.