கட்டை உலகங்களில் நிலம் யாருக்குச் சொந்தம்?

மைன்கிராஃப்ட், ரோப்ளாக்ஸ், லுவான்டி மூன்றிலும் வேலை ஏறத்தாழ ஒன்றுதான்: கட்டையை எடுப்பது, அடுக்குவது, ஊர் எழுப்புவது. ஆனால் அவற்றின் ஆட்டக்காரர் கூட்டங்கள் மூன்றும் குணத்தில் வேறுவேறு. வயது, நாடு, ரசனை என்று பலரும் காரணம் தேடுகிறார்கள். நிரல் யாருக்குச் சொந்தம் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

2009இல் மார்கஸ் பெர்சன் வெளியிட்ட மைன்கிராஃப்ட் மூடிய நிரல். ஆனாலும் எவரும் சொந்தமாக சர்வர் நடத்தலாம். அந்த ஒரு வாசல் வழியாகத்தான் எத்தனையோ உலகங்கள் பிறந்தன. விதியே இல்லாத 2பி2டி சர்வர் 2010 முதல் ஓடுகிறது. தணிக்கைக்குள்ளான செய்திகளை அடுக்கிய நூலகத்தை எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பு 2020இல் திறந்ததும் இதே ஆட்டத்துக்குள்தான்.

சர்வர்களைத் தாங்கிய தூண் பக்கிட். மைன்கிராஃப்டை உருவாக்கும் மொஜாங் நிறுவனத்தின் நிரலைப் பிரித்துப் படித்து, தன்னார்வலர்கள் எழுதிய கருவி அது. 2012இல் அந்தத் தன்னார்வலர்களில் முக்கியமானவர்களை மொஜாங்கே வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2014 ஆகஸ்டில் எஞ்சிய குழு கடையை மூட முடிவெடுத்தபோதுதான், பக்கிட் ஏற்கெனவே தன் உடைமை என்று மொஜாங் வெளிப்படையாகச் சொன்னது. ஊதியமின்றி உழைத்தவர்களுக்கு அது எப்படி வலித்திருக்கும்! அடுத்த மாதமே, நிரல் எழுதியவர்களில் ஒருவர் பதிப்புரிமைப் புகார் கொடுத்தார்: கட்டற்ற உரிமத்தில் தான் தந்த நிரலோடு நிறுவனத்தின் மூடிய நிரலும் கலந்திருக்கிறது என்பது அவர் வாதம். டவுன்லோடு நின்றது. பக்கிட்டிலிருந்து கிளைத்த ஸ்பிகாட் கருவியின் குழு ஒரு வழி கண்டது: முழு நிரலையும் விநியோகிக்காமல், அவரவர் கணினியிலேயே தொகுத்துக்கொள்ளும் கருவியைக் கொடுத்தது. இன்றைய சர்வர் பண்பாடு பெரிதும் அந்த வழியில் பிழைத்து வந்ததே. அதே செப்டம்பரில் மொஜாங்கை 250 கோடி டாலருக்கு வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

ரோப்ளாக்ஸில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. 2006இல் வெளிவந்த அதில் பிள்ளைகள் லுவா மொழியில் ஆட்டம் எழுதுகிறார்கள், ரோபக்ஸ் என்ற ஆட்ட நாணயம் ஈட்டுகிறார்கள். ஆனால் எல்லாம் நிறுவனத்தின் சர்வரில்தான் ஓட வேண்டும். அங்கே கூட்டம் சந்தைக்குரியது. படைத்தவர் குடியானவர் மட்டுமே.

லுவான்டிக்கு வருவோம். பின்லாந்தின் பெர்ட்டு அஹோலா 2010இல் மைன்டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது; 2024இல் பெயர் மாறியது. தனி ஆட்டமாக இல்லாமல், பலரும் தம் ஆட்டங்களைக் கட்டும் தளமாகவே அது வளர்ந்தது. சர்வருக்குள் நுழைபவர் எதையும் தனியே நிறுவ வேண்டியதில்லை; வேண்டிய படங்களும் ஒலிகளும் தாமாக வந்து சேரும். கூட்டம் சிறியது, கைவினைஞர் தன்மை கொண்டது. ஆட வருபவர் சிலர் நாளடைவில் நிரலும் எழுதத் தொடங்குகிறார்கள். சிறியது என்று இதை ஒதுக்குவது நியாயமில்லை. அதன் வலிமை சச்சரவு வரும்போது தெரியும். 2021இல் மைன்க்ளோன்2 என்ற ஆட்டத்தின் குழுவில் கருத்து வேறுபாடு முற்றியது. பிரிந்தவர்கள் நிரலை நகலெடுத்து மைன்க்ளோனியாவைத் தொடங்கினார்கள். மூல ஆட்டத்தின் பெயர் இப்போது வாக்ஸலிப்ரே. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, இரண்டும் வளர்ந்தன.