அரம் பழகிய கை

ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவின் பட்டறைக்குள் நுழைகிறவர்களின் கண் முதலில் பெரிய இயந்திரங்கள் மேல்தான் போகும். நான் தேடுவது ஜன்னலோர மேசையில் வரிசையாக வைத்திருக்கும் சின்ன ஜாப்களை. உள்ளங்கையில் அடங்கும் இரண்டு இரும்புத் துண்டுகள்; ஒன்றில் சதுரமாக ஒரு பள்ளம், இன்னொன்றில் அந்தப் பள்ளத்துக்குள் உட்கார வேண்டிய நாக்கு. ஆண்-பெண் ஃபிட்டிங் என்பார்கள். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். சேர்ந்த கோட்டில் எங்கேயாவது கீற்று தெரிந்தால் அங்கே இடைவெளி. அடுத்து நாக்கைத் திருப்பிப் போட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஒரு பக்கமாகப் போட்டால் மட்டும் சேர்கிற ஜாப் தேர்ச்சி பெறும். எப்படித் திருப்பிப் போட்டாலும் கீற்று தெரியாமல் சேர்கிற ஜாப்பைக் கண்டால் எனக்குக் கைதட்டத் தோன்றும்.

சில மைக்ரான் அளவுள்ள இடுக்கில் வரும் வெளிச்சத்தைக்கூட மனிதக் கண் பிடித்துவிடும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட கண்ணை ஏமாற்றாமல் திருப்திப்படுத்தும் இந்தப் பொருத்தத்தைச் செய்யப் பயன்பட்டவை ஒரு ஹேக்ஸா, ஒரு டிரில், சில அரங்கள், பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளையின் இரண்டு கைகள். துல்லிய உலோகத் தொழிலில் பழகுநர் பயிற்சியின் சாரமே இங்கே இருக்கிறது. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் என்பது வரைபடத்தில் ஓர் எண்ணாக மட்டும் இருந்தது. அது தோளுக்கும் மணிக்கட்டுக்கும் தெரிந்த விஷயமாக மாற வேண்டும்.

அதனால்தான் முதல் சில மாதங்கள் அரம். வைஸில் இரும்பைக் கவ்வ வைத்து, இடது கால் முன்னே, வலது கால் பின்னே, உடம்பின் எடை முன்னங்காலுக்கு இறங்க அரத்தைத் தள்ள வேண்டும். முன்னே போகும்போதுதான் அரத்தின் பல் வெட்டும். பின்னே இழுக்கும்போது அழுத்தக் கூடாது. பார்க்க எளிது. தள்ளும்போது அரம் கொஞ்சம் மேலும் கீழும் ஆடினாலும் போதும், ஜாப்பின் இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுவில் வயிறு விழுந்துவிடும். தள்ளத் தள்ள இடது கையின் அழுத்தம் குறைய வேண்டும், வலது கையின் அழுத்தம் கூட வேண்டும். இந்தக் கைமாற்றம் ஒவ்வொரு தள்ளலிலும் நடக்க வேண்டும். புத்தகத்தில் படித்து வருகிற காரியமா இது? ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சம் பார்ப்பது, மேடு எங்கே என்று கண்டுபிடிப்பது, அங்கே மட்டும் அராவுவது, மறுபடி வெளிச்சம் பார்ப்பது என்று வாரக்கணக்கில் போகும். கோவைப் பக்கத்துப் பட்டறையில் வயதான ஃபிட்டர் ஒருவர், பல்லைக் கடித்துக்கொண்டு அராவிய பையனிடம், "அழுத்தாத கண்ணு, அரம் தானா அறுக்கும். நீ நேராப் புடிச்சாப் போதும்" என்றார். முழுப் பாடமும் அதற்குள் அடங்கிவிட்டது.

இந்தத் தொழிலின் வம்சாவளியைப் பார்த்தாலும் அரத்தில்தான் போய் நிற்கும். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே நடத்திய பட்டறை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துல்லிய இயந்திரத் தொழிலுக்கே தாய்வீடாக இருந்தது. திருகு வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்தியவர் அவர். பத்தாயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தைக் காட்டும் அளவுகருவி ஒன்றைச் செய்து, பட்டறையில் எழும் அளவுத் தகராறுகளுக்கு அதுவே கடைசித் தீர்ப்பு என்பதால் அதற்கு 'லார்ட் சான்சலர்' என்று பெயர் வைத்தார். அப்படிப்பட்டவரைப் பற்றிப் பழைய தொழிலாளி ஒருவர் நினைவுகூர்ந்தபோது அதிகம் வியந்தது, 18 அங்குல அரத்தை அவர் கையாண்ட நேர்த்தியைத்தான்.

அதே பட்டறையில் பழகியவர்தான் ஜோசப் விட்வொர்த். சமதளம் செய்வது எப்படி என்று 1840-இல் கிளாஸ்கோவில் அவர் வாசித்த கட்டுரை இந்தத் தொழிலின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. ஒரு தளம் மட்டமானதா என்று பார்க்க மட்டமான இன்னொரு தளம் வேண்டும். அந்த முதல் மட்டத்தை எதை வைத்துச் செய்வது? இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிசெய்தால் போதாது. ஒன்று குழிந்தும் மற்றொன்று அதே அளவுக்குக் குவிந்தும் இருந்தாலும் இரண்டும் அச்சாகப் பொருந்திவிடும். மூன்று தகடுகளை எடுத்துக்கொண்டு முதலாவதை இரண்டாவதோடும், இரண்டாவதை மூன்றாவதோடும், மூன்றாவதை முதலாவதோடும் மாற்றி மாற்றி ஒப்பிட்டு, மேடுகளை ஸ்கிராப்பரால் சுரண்டிக்கொண்டே போக வேண்டும். எப்படித் திருப்பி வைத்தாலும் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமென்றால் மூன்றுமே மட்டமாக இருந்தாக வேண்டும். வேறு வழியே கிடையாது. முன்மாதிரி எதுவும் இல்லாமல், பிரஷ்யன் புளூ மையும் கூரான ஸ்கிராப்பரும் மட்டும் வைத்துக்கொண்டு, தர்க்கத்தின் பலத்தால் துல்லியத்தைப் பிறப்பிக்கும் வேலை இது. ஒரு பழகுநர் இதை ஒரு தடவை தன் கையால் செய்துவிட்டால், சமதளத் தகடான சர்ஃபேஸ் பிளேட்டின் மேல் கருவிப் பெட்டியைத் தொப்பென்று வைக்க அவருக்கு மனம் வராது.

அரத்திலிருந்து லேத்துக்கு வரும்போது காதுக்கும் வேலை வந்துவிடுகிறது. அங்கே முதல் பாடம் டூல் தீட்டுவது. ஹை ஸ்பீட் ஸ்டீல் துண்டைக் கிரைண்டிங் வீலில் பிடித்துக் கோணங்களை உருவாக்க வேண்டும். மைல்ட் ஸ்டீலுக்கு மேல்சரிவு வேண்டும்; பித்தளைக்கு ஏறக்குறைய சரிவே கூடாது, கொடுத்தால் டூல் உள்ளே பாய்ந்துவிடும். சரியாகத் தீட்டியிருக்கிறதா என்பதைச் சீவல் சொல்லும். மைல்ட் ஸ்டீல் நீளச் சுருளாக வரும்; வார்ப்பிரும்பு பொடியாக உதிரும்; சுருள் நீலம் பாய்ந்து வந்தால் சூடு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். டூல் அதிகம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு கிறீச்சொலி கிளம்பி, ஜாப்பின் மேல் வரிவரியாகத் தழும்பு விழும். அனுபவசாலி அந்த வரியைப் பார்ப்பதற்கு முன்பே சத்தத்திலேயே தெரிந்துகொண்டு கையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோயிருப்பார்.

லேத் வேலையில் நான் அதிகம் ரசிப்பது கடைசி இரண்டு கட்டுகளை, அதாவது டூல் போடும் கடைசி இரண்டு வெட்டுகளை. வேண்டிய அளவுக்கு வர இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்னும்போது, புதியவர் மெல்ல மெல்லத் தொட்டு எடுக்கப் பார்ப்பார். அளவுக்கு மீறி மெல்லிய கட்டில் டூல் வெட்டாது, உரசும். பளபளப்பு கெட்டுவிடும், அளவும் ஏமாற்றும். பழகியவர் பாக்கியை இரண்டு சம பங்காகப் பிரிப்பார். முதல் பங்கை வெட்டிவிட்டு அளப்பார். வெட்டும் விசையில் டூலும் ஜாப்பும் எவ்வளவு வளைந்து கொடுக்கின்றன என்பது அந்த அளவிலேயே தெரிந்துவிடும். அடுத்த கட்டும் ஏறக்குறைய அதே ஆழம் என்பதால் வளைவும் அதே அளவாகத்தான் இருக்கும். அதற்கு ஏற்ற திருத்தத்தோடு கடைசிக் கட்டைப் போட்டு, நினைத்த இடத்தில் வந்து நிற்பார். திருகில் இருக்கும் ஆட்டத்தை மனத்தில் வைத்து ஹேண்ட் வீலை எப்போதும் ஒரே திசையிலிருந்து கொண்டுவருவது, வெட்டிய சூடு ஆறும்வரை மைக்ரோமீட்டரைக் கையில் எடுக்காமல் இருப்பது என்பதெல்லாம் இதோடு சேர்ந்த ஒழுக்கங்கள். உலகம் முழுக்க அளவுக்கான நியம வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தண்டு அதைவிட 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 11 மைக்ரானுக்கு மேல் பருத்துக் காட்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இது ஏட்டுக் கணக்கல்ல, தினசரிக் கவலை.

இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்பவருக்குக் காட்ட ஒரு நல்ல காட்சி உண்டு. 25 மில்லிமீட்டர் துளைக்கு எச்7, அதற்குள் போகும் தண்டுக்கு ஜி6 என்று வரைபடம் சொல்கிறது. அதாவது துளை 25-க்கு மேல் அதிகபட்சம் 21 மைக்ரான் போகலாம். தண்டு 25-க்குக் கீழே 7-லிருந்து 20 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். அடிப்பக்கம் மூடிய துளைக்குள் இப்படிப்பட்ட தண்டைச் செங்குத்தாக விட்டுப் பாருங்கள். அது விழாது. உள்ளே மாட்டிய காற்று வெளியேற வழி தேட, தண்டு நிதானமாகத் தன் எடையிலேயே இறங்கும். மேலே இழுத்தால் உறிஞ்சுவதுபோல் எதிர்க்கும். பழகுநர் முதல் தடவை இதைத் தன் கையால் செய்த ஜாப்பில் உணரும் தருணத்தில், வரைபடத்து எண் அவருக்குச் சொந்தமாகிவிடுகிறது.

இப்போது எல்லாம் சி.என்.சி. ஆகிவிட்டதே, புரோகிராம் போட்டால் மெஷின் தானே வெட்டுமே, அரமும் கையும் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பதிலை ஒரு மெல்லிய வளையத்தை வைத்துச் சொல்கிறேன். மூன்று தாடை உள்ள சக்கில் அதை இறுக்கிப் பிடித்தால் மூன்று இடத்தில் கொஞ்சம் நசுங்கும். மெஷின் உள் துளையை அப்பழுக்கில்லாத வட்டமாகக் கடைந்து கொடுக்கும். சக்கைத் தளர்த்தியதும் வளையம் பழைய வடிவுக்குத் திரும்ப, வட்டமாக இருந்த துளை மூன்று புடைப்புள்ள துளையாகிவிடும். எதிரெதிர் இரண்டு புள்ளிகளில் தொட்டு அளக்கும் கருவியை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டும். அளவு சரி, வட்டம் தவறு. பிளக் கேஜை நுழைத்தால்தான் குட்டு வெளிப்படும். மெஷின் தன் வேலையைப் பிழையில்லாமல் செய்திருக்கிறது. இறுக்கிய கைக்கு இரும்பும் வளையும் என்று தெரிந்திருக்க வேண்டும். அரத்தோடு மல்லுக்கட்டிய மாதங்களில் அந்தக் கை கற்றுக்கொள்வது இதைத்தான்.

கோவையைச் சுற்றி இந்த அறிவு ஒரு பொதுச் சொத்தாகவே பரவிக் கிடக்கிறது. பஞ்சாலைகளுக்கான உதிரிபாகத்தில் தொடங்கி பம்ப்செட், கிரைண்டர், வால்வு, இயந்திரக் கருவி என்று வளர்ந்த ஊர் இது. பொறியியல் கல்வியில் ஏட்டைக் குறைத்துப் பட்டறையைக் கூட்ட வேண்டும் என்று ஜி.டி. நாயுடு விடாமல் வாதாடியது இந்த மண்ணில்தான். இங்கே ஆயிரம் அடிக்கும் கீழே இறக்கிய ஆழ்துளைக் கிணற்றுப் பம்ப் மக்கர் செய்தால், அத்தனை குழாயையும் மேலே ஏற்றித்தான் பார்க்க வேண்டும். அந்தச் செலவு ஒரு விவசாயியின் ஒரு போகத்தையே விழுங்கிவிடலாம். அந்த மோட்டாரின் தண்டில் புஷ் உட்கார வேண்டிய இடத்தில் சில மைக்ரான் கூடியதா குறைந்ததா என்பதை, எங்கோ ஒரு சந்துப் பட்டறையில் ஒருவர் தீர்மானித்திருக்கிறார்.

அவரை உருவாக்கும் காலத்தில் கைவைப்பதுதான் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. 1961-இல் வந்த பழகுநர் சட்டம் பழகுநரைப் பயிற்சி பெறுபவராகத்தான் வரையறுக்கிறது. நடைமுறையில் சில இடங்களில் அவரை ஒரே மெஷினில் நிறுத்தி, ஜாப்பை ஏற்றவும் இறக்கவும் மட்டும் வைத்துவிடுகிறார்கள். ஆண்டு முடியும்போது சான்றிதழ் கையில் இருக்கும். கை மட்டும் வந்தபடியே இருக்கும். அரம் பிடிக்கும் மாதங்களை வீண்செலவு என்று எண்ணுகிற எந்த நிர்வாகமும், பிறகு தள்ளுபடி ஆகும் ஜாப்களில் அந்தச் செலவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். உங்கள் ஊர் ஐ.டி.ஐ.யில் கண்காட்சி நடந்தால் போய்ப் பாருங்கள். அந்த ஆண்-பெண் ஃபிட்டிங்கைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். திருப்பிப் போட்டும் பிடியுங்கள். கீற்று தெரியாவிட்டால் செய்த பிள்ளையைக் கூப்பிட்டு, எந்தப் பக்கத்தில் அதிகச் சிரமப்பட்டாய் என்று கேளுங்கள். பாடல் கேட்கத் தெரிந்தவர்கள் இருப்பதால்தான் பாடகர் வளர்கிறார். இந்தக் கைகளுக்கும் பார்க்கத் தெரிந்தவர்கள் வேண்டும்.