கார் உதறினால் யாழ்ப்பாணமா, திருச்சியா?

“உங்க ஊர்ல எல்லாமே ஜப்பான்காரன் ஓட்டித் தள்ளிவிட்ட வண்டிதானே சார்? ரிப்பேருன்னா பார்ட்ஸைக் கழட்டி மாட்டுறதுதானே வேலை?” திருச்சியில் உறவினரின் கார் உதறுகிறது என்று கூடப் போன பட்டறையில் ஒரு மெக்கானிக் என்னிடம் கேட்டது இது. நல்ல மனிதர், தேநீரும் வாங்கித் தந்தார். அதனால் அங்கே வாய் திறக்கவில்லை. இங்கே சொல்லி வைக்கிறேன்.

எங்கள் யாழ்ப்பாண வீதிகளில் ஓடும் கார்களில் பெரும்பகுதி றீகொண்டிசன்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 2020 மார்ச்சில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த காரையே ஓட வைத்தவர்கள் எங்கள் கராஜ்காரர்கள். கழற்றிப் பூட்ட மட்டுமே தெரிந்தவர்களால் அது முடிகிற காரியமா?

பெயர் ஒன்றாக இருந்தாலும் கார் ஒன்றல்ல என்பதையும் அவர் யோசிக்கவில்லை. இங்கே ஓடும் ஜப்பான் வகன் ஆர், அந்த நாட்டின் சிறு கார்களுக்கான 660 சிசி எல்லைக்குள் செய்தது. பெரும்பாலும் சிவிரி (CVT) என்ற தானியங்கிக் கியர். இந்திய வகன் ஆர் 1000 அல்லது 1200 சிசி. பெரும்பாலும் கையால் மாற்றும் கியர். ஆகவே மிதிக்கும்போது உதறினால் அங்கே சந்தேகம் முதலில் கிளட்ச் தட்டில் விழும், இங்கே கியர் ஒயிலில் விழும். ஃபிட் ஏரியா இன்னும் வேடிக்கை. அக்கரையில் ஹொண்டா சிற்றி என்று ஓடிய கார்தான் அது. இங்கே அது சிவிரியோடு வந்ததால், புறப்படும்போது கிடுகிடுவென நடுங்கினால் எங்கள் பையன்கள் யோசிக்கவே மாட்டார்கள். பழைய ஒயிலை இறக்கி, அந்தக் கியருக்கே உரிய ஒயிலை ஊற்றி, ஸ்டார்ட் கிளட்சுக்கு மறுபடி அளவு பழக்கிவிடுவார்கள். கண்ட ஒயிலை ஊற்றினால் நடுக்கம் கூடும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

திருச்சிப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. ‘ஜெர்க் அடிக்குது’, ‘மிஸ்ஸிங் அடிக்குது’, ‘பிக்கப் இல்ல’. நாங்கள் ‘உதறுது’, ‘மிஸ் பண்ணுது’, ‘இழுவை இல்லை’ என்போம். ‘வண்டி குலுங்குது’ என்று அவர் சொன்னபோது மட்டும் சிரிப்பை அடக்கப் பாடுபட்டேன். எங்களூரில் வண்டி என்றால் வயிறு. சாமான் கேட்கும் முறையும் வேறு. அங்கே ‘2016 ஸ்விஃப்ட், விடிஐ’ என்றால் கடைக்காரர் எடுத்து வைத்துவிடுகிறார். கொழும்பின் பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் காரின் பெயர் போதாது. ‘ஜிபி5’, ‘141’ என்று சசி இலக்கத்தின் தலைப்பைச் சொல்ல வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். எங்கள் மெக்கானிக் பொனற்றைத் திறப்பதற்கு முன் காரை ஓடிப் பார்ப்பான். நாவற்குழிப் பாலம் தாண்டிக் கைதடிப் பக்கம் 60 கிலோமீற்றர் வேகத்துக்கு வந்ததும் ஒரே அழுத்தாக மிதிப்பான். உதறும். உடனே காலை எடுப்பான். உதறல் நின்றால் இழுவைச் சுமையில் வருகிற கோளாறு: உள் பக்கச் சிவி ஜொயின்ட், எஞ்சின் மவுண்ட், அல்லது மிஸ். காலை எடுத்த பிறகும் அதே வேகத்தில் ஆடினால் ரயர் பலன்ஸ், றிம் வளைவு. பிறகு நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி கியரைப் போட்டு மெல்ல எஞ்சின் வேகத்தைக் கூட்டிப் பார்ப்பான். எஞ்சின் ஒரு பக்கம் சரிந்து எழுந்தால் மவுண்ட். ஸ்கேனர் முதலாம் சிலிண்டரில் மிஸ் என்று காட்டினால் உடனே புதுக் கொயில் வாங்கச் சொல்லமாட்டான். முதலாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் பூட்டுவான். மிஸ் இரண்டாவதுக்குப் போனால் கொயில் பழுது. போகாவிட்டால் பிளக்கோ இன்ஜெக்ரரோ. இரண்டு பக்கமும் ஒரே அளவான ஜொயின்ட் உள்ள காரில், தேய்ந்த கிண்ணங்களை வலம் இடமாக மாற்றி, தேயாத முகத்தில் சுமை விழச் செய்து மாதக்கணக்கில் ஓட வைத்ததையும் பார்த்திருக்கிறேன்.

திருச்சியில் நான் நின்ற பட்டறையில் காரை ஓடிப் பார்க்கவில்லை. ஸ்கேனரைச் செருகினார்கள், ‘சர்வீஸ் எப்ப விட்டீங்க?’ என்றார்கள், பிளக் செட்டுக்குச் சீட்டு எழுதினார்கள். பட்டறை இருந்த தில்லைநகர் நெரிசலில் 60க்கு எங்கே போவது என்பதும் நியாயம்தான். திருச்சியிலேயே பிறந்து வளர்ந்த மருமகன், “மாமா, நீங்க பார்த்தது ஒரே ஒரு பட்டறை. கோயம்புத்தூர் வந்து பாருங்க” என்கிறான். அவனுக்கு ஊர்ப்பாசம்.

எங்களவர்களுக்குக் கோளாறைப் பிடிக்கும் இந்த நுணுக்கம் வந்தது தட்டுப்பாட்டில். 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் விடவில்லை. ஒஸ்ரின் கேம்பிரிஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மிதித்தால் எஞ்சின் தட்டும், உதறும், வெண்புகை கக்கும். பிளக்கைக் கழற்றிக் கரியைப் பார்த்தே எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சொன்ன தலைமுறை அது. இன்றைய பையன்கள் அவர்களிடம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துப் பழகியவர்கள். அதே நாட்களில் அக்கரையில் ஓடிய அம்பாசிடர், மொறிஸ் ஒக்ஸ்போர்டின் வாரிசு. 2014 வரை புதிதாகவே வந்துகொண்டிருந்த காருக்குச் சாமான் இல்லை என்று யார் தவித்திருப்பார்கள்?

சாமான் விடயத்தில் அவர்களுக்குத்தான் வெற்றி. சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்காதது குறைவு. உள்நாட்டில் செய்வதால் விலையும் எங்களைப் பெருமூச்சு விடவைக்கும். ஆனால் 20 வீதம் எதனோல் கலந்த பெற்றோலைப் பழைய கார்களில் ஓட்டிச் சமாளிக்கும் பாடும் அவர்களுக்கு உண்டு. அது எங்களுக்கு இன்னும் வரவில்லை.

கிளட்ச் தட்டு என்றால் திருச்சியில் தயங்காமல் கொடுக்கலாம். சிவிரி கியர், உள் ஜொயின்ட், மவுண்ட் என்றால் எங்கள் பையன்களை மிஞ்ச ஆளில்லை. எந்தக் கரையில் இருந்தாலும் மிஸ் பண்ணும் காரை நாளைக்குப் பார்ப்போம் என்று ஓடாதீர்கள். எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய் எரிந்து கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரை உருக்கிவிடும். ஒரு கொயிலின் விலையோடு முடிய வேண்டிய செலவு அதன் பல மடங்காகும்.